செவ்வாய்ப்பேட்டைத் தராசில் ஒரு லிஃப்ட் கவர்னர்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில், தராசுத் தட்டில் அது கிடந்தது. சைக்கிள் சக்கரத்தைவிடச் சிறிய வார்ப்பிரும்புச் சக்கரம். விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம். நடுவில் இரண்டு எடைக்கட்டிகள், அவற்றை இழுத்துப் பிடித்தபடி ஒரு ஸ்பிரிங். பக்கத்தில் எதையோ கவ்வக் காத்திருக்கும் தாடை மாதிரி இரண்டு இரும்புத் துண்டுகள். ஏதோ மோட்டார் சாமான் என்று கடைக்காரர் நினைத்திருந்தார். இரும்பு விலைக்கே எடை போட்டு வாங்கி வந்தேன்.

அது லிஃப்டின் கவர்னர். லிஃப்டில் ஏறும் ஒவ்வொருவரின் உயிருக்கும் காவல் நிற்கும் உருப்படி. ஆனால் ஏறுகிறவர் கண்ணில் அது ஒருநாளும் படாது.

லிஃப்டைத் தூக்குகிற கயிறு வேறு, கவர்னர் கயிறு வேறு. மேலே மெஷின் ரூமில் கவர்னர் இருக்கும். கீழே குழியில் எடை தொங்கவிட்ட இன்னொரு சக்கரம். இரண்டையும் சுற்றி மெல்லிய எஃகுக் கயிறு ஒன்று ஓடும், அது கேபினில் ஒரு லீவரோடு கட்டியிருக்கும். கேபின் என்ன வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் கவர்னரும் சுற்றும். குறித்த வேகத்தைவிடக் குறைந்தது 15 சதவீதம் கூடிவிட்டால் அந்த எடைக்கட்டிகள் வெளிப்பக்கமாக விரியும். முதலில் ஒரு சுவிட்சைத் தட்டி மோட்டாருக்குப் போகும் கரண்டை நிறுத்தும். அதற்கும் அடங்கவில்லை என்றால் தாடை கயிற்றைக் கவ்விவிடும். கயிறு நின்றுபோகும், கேபின் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பில் லீவர் தூக்கி, கேபினுக்கு அடியில் உள்ள ஆப்புகள் இரு பக்கத் தண்டவாளத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான கவர்னர்கள் சோதனை நாட்களைத் தவிர ஒருமுறைகூடக் கவ்வ வேண்டி வராமலே சுற்றி முடித்துவிடுகின்றன. என் கையில் இருப்பதும் அப்படி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். தாடையின் பல் தேயவே இல்லை.

எந்தக் கட்டடத்திலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டேன். லோடாக வந்ததுங்க, அதில் இதுவும் இருந்தது என்றார். அத்தோடு அதன் கதை முடிந்துவிட்டது. பழைய லிஃப்ட் சாமான்களைச் சேர்க்க ஆரம்பித்த நாளிலிருந்து என்னை உறுத்துவது இதுதான். பொருள் எப்படியாவது கிடைத்துவிடுகிறது. அது எங்கே இருந்தது, எதோடு சேர்ந்து வேலை செய்தது என்கிற விவரம் கட்டடத்திலேயே உதிர்ந்துபோகிறது. அந்த விவரம் இல்லாத கவர்னரைப் பார்த்து நாம் கற்றுக்கொள்வது பாதிதான்.

கவர்னருக்கு முந்தின கதையும் உண்டு. கயிறு கட்டிப் பாரம் தூக்குவது மனிதனுக்குப் பழைய வேலை. கயிறு அறுந்தால் என்ன செய்வது என்பதுதான் நெடுநாள் கேள்வி. 1854-இல் நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் ஒரு மேடையில் ஏறி நின்று, கூட்டத்துக்கு முன்னால் அதைத் தாங்கிய கயிற்றையே வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. அவர் வைத்திருந்தது வண்டிகளில் போடுகிற வில் பட்டை மாதிரி ஒரு ஸ்பிரிங். கயிறு இழுத்துக்கொண்டிருக்கும்வரை ஸ்பிரிங் வளைந்திருக்கும். இழுப்பு போனதும் நிமிர்ந்து, பக்கவாட்டில் உள்ள பல்சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். கயிறு அறுந்தால் மட்டும்தான் அந்த ஏற்பாடு உதவும். கயிறு அறுபடாமலே லிஃப்ட் கட்டுமீறி ஓடினால் அதற்குத் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் வேகத்தைப் பார்க்கும் கவர்னர். 1857-இல் நியூயார்க் பிராட்வேயில் பீங்கான், கண்ணாடிப் பாத்திரம் விற்ற ஹாவ்அவுட் கடையில் ஓடிஸ் நிறுவனத்தின் முதல் பயணிகள் லிஃப்ட் நீராவியில் ஓடியது. 1880-இல் ஜெர்மனியின் மன்ஹைமில் வெர்னர் ஃபான் சீமென்ஸ் மின்சாரத்தில் ஓட்டிக் காட்டினார். அடுத்த 12 வருடத்தில் மின்சார லிஃப்ட் கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. பின்னாளில் ராஜ்பவன் என்று சொல்லப்பட்ட, அன்றைய கவர்னர் ஜெனரல் மாளிகையில் 1892-இல் மாட்டினார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு லிஃப்டின் உள்விஷயத்தைச் சொல்ல நான் இங்கிருந்து தொடங்குவதில்லை, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றத்திலிருந்து தொடங்குவேன். நீண்ட மரத்தின் ஒரு முனையில் தண்ணீர் மொள்ளும் சால், மறுமுனையில் கல்லைக் கட்டியிருப்பார்கள், இல்லை என்றால் மரத்தின் மேல் ஆள் நடப்பார். நிறைந்த சாலின் பாரத்தில் பாதியை அந்தப் பின்முனையே சுமந்துவிடும். லிஃப்டின் கவுண்டர் வெயிட் செய்வதும் இதைத்தான். காலி கேபினின் எடையோடு, ஏற்றக்கூடிய பாரத்தில் 40 முதல் 50 சதவீதம் வரை சேர்த்து மறுபக்கம் தொங்கவிடுவார்கள். பாதி ஆள் ஏறியிருந்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமம், மோட்டாருக்கு வேலை குறைவு. நிறைந்த கேபின் மேலே போகும்போது மட்டுமல்ல, காலி கேபின் கீழே வரும்போதும் மோட்டார் கஷ்டப்பட்டு இழுக்கும். இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை, ஆனால் ஏற்றம் இறைத்த பெரியவர் ஒருவர் கேட்ட உடனே தலையாட்டினார். வெறும் சாலைக் கிணற்றுக்குள் இறக்கத்தான் கை வலிக்கும் என்றார்.

எலிவேட்டர் என்ற சொல்லும் சேலம், ஆத்தூர் பக்கத்தில் லிஃப்டுக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. அரிசி ஆலையில் நெல்லை மேலே கொண்டுபோகும் பெல்ட்டுக்கு அந்தப் பெயர். செங்குத்தான மரக்கூடு, உள்ளே ஓடும் பட்டை, அதில் வரிசையாக ஆணி அடித்த தகரக் கிண்ணங்கள். பழைய ஆலைகள் கழற்றப்படும்போது இந்த மரக்கூடுகள் விறகாகப் போகின்றன. நான் ஒரே ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருக்கிறேன். அதன் உதடு நெல் பட்டுப் பட்டுத் தேய்ந்து கத்தி மாதிரி ஆகியிருக்கிறது.

சேலத்தில் பழைய லிஃப்ட் என்று சொல்லும்போது அளவுகோல் வேறு. சென்னை மவுண்ட் ரோட்டில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டுவிட்டது. அப்போது சேலம் ஓட்டு வீடும் மச்சு வீடுமாகத்தான் இருந்தது. இங்கே லிஃப்டை ஊருக்குப் பழக்கியது மருத்துவமனைகளும் லாட்ஜுகளும் ஜவுளிக் கடைகளும்தான். அதனால் நமக்குக் கிடைப்பது பித்தளைக் கூண்டும் வேலைப்பாட்டுக் கதவும் இல்லை. சேனல் கேட் போட்ட லிஃப்ட், உள்ளே ஸ்டூலில் லிஃப்ட்மேன், கறுப்புப் பேக்லைட் பட்டன், ஒவ்வொரு மாடியிலும் சிவப்பு பல்பு, மெஷின் ரூமில் ஆள் உயரத்துக்கு ரிலே பலகை. 50 வருடம்கூட ஆகாத சாமானைப் பழம்பொருள் என்பதா என்று சிலர் கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான்: இன்று எடுத்து வைக்காவிட்டால் நூறு வயது ஆகும்போது எடுத்து வைக்க எதுவும் இருக்காது.

அந்த ரிலே பலகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது வேகமாக அழிந்துவருவது அதுதான். இன்றைய லிஃப்டில் எந்த மாடிக்கு எப்போது போவது என்று முடிவெடுப்பது உள்ளங்கை அளவு மின்னணு அட்டை. அன்று அந்த முடிவை எடுத்தவை வரிசை வரிசையான ரிலேக்கள், அதாவது கரண்ட் வந்ததும் தானே இழுத்துக்கொள்ளும் சுவிட்சுகள். மூன்றாம் மாடிப் பட்டனை அழுத்தினால் ஒரு ரிலே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதுதான் லிஃப்டின் ஞாபகம். கதவு சாத்தியிருக்கிறதா என்பதை இன்னொன்று சொல்லும். மேலே போவதா கீழே போவதா என்பதை மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலேக்களான இரண்டு காண்டாக்டர்கள் சண்டை போட்டுத் தீர்க்கும். ஒன்று இழுத்தால் மற்றது இழுக்க முடியாதபடி இடையில் பூட்டு இருக்கும். யோசனை முழுக்கக் கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். சேலத்தில் பல வருடம் லிஃப்ட் பார்த்த ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இதை எனக்குச் சொன்ன விதம் மறக்காது.

"தம்பி, நாங்க மீட்டர் வைக்கறதுக்கு முன்னாடி காது வைப்போம். டக், டக், டடக்னு ஒரு தாளம் இருக்கும். அதுல ஒண்ணு லேட்டா விழுந்தா, எந்த ரிலே ஒட்டிக்குதுன்னு சத்தமே சொல்லிப்போடும்."

இன்னும் பழைய, உயரமான கட்டடங்களில் செலக்டர் என்று ஒரு உருப்படி இருக்கும். மெஷின் ரூமுக்குள்ளேயே ஒரு குட்டி லிஃப்ட். நிஜக் கேபின் பத்து மீட்டர் ஏறினால், இங்கே ஒரு சிறிய சட்டம் அதே கணக்கில் சில சென்டிமீட்டர் ஏறும். மாடிக்கு ஒரு தொடுமுனை வரிசை. அதைத் தொட்டதும் இந்த மாடி வந்துவிட்டது என்று லிஃப்டை ஓட்டும் ரிலே பலகையான கன்ட்ரோலருக்குத் தெரியும். சென்னையில் பழைய கட்டடம் ஒன்றில் அது ஓடுவதைப் பார்த்தேன். மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். சேலத்தில் எனக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.

இவை ஏன் இப்போது இவ்வளவு வேகமாக வெளியே வருகின்றன? உதிரிச் சாமான் கிடைக்காதது ஒன்று. மின்னணு கன்ட்ரோலர் கரண்டை மிச்சப்படுத்துவதும் மாடிக்கு நேராக அலுங்காமல் நிற்பதும் இன்னொன்று. 1996-இல் கோனே நிறுவனம் மெஷின் ரூமே தேவைப்படாத லிஃப்டைக் கொண்டுவந்த பிறகு, மொட்டை மாடியில் தனி அறை கட்டும் பழக்கமே குறைந்துவிட்டது. தமிழ்நாடு லிஃப்ட் சட்டம் 1997-இல் வந்தது. உரிமம், ஆய்வு என்று வந்தபோது பழையதைப் பழுது பார்ப்பதைவிடப் புதிதாக மாற்றுவது கட்டட உரிமையாளருக்கு லேசாகிவிட்டது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். சேனல் கேட் இடுக்கில் குழந்தைகளின் கை மாட்டிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. பழைய லிஃப்டை ஓட்டிக்கொண்டே இருங்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கழற்றும்போது நாலு சாமானை ஒழுங்காகக் கழற்றி, நாலு போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கழற்றியவை போகும் வழியைப் பார்த்தால் சேலத்துக்கே உரிய ஒரு விஷயம் தெரியும். இரும்பு இரும்புக் கடைக்கு, மோட்டார்ச் சுற்று செம்பு வியாபாரிக்கு. ரிலே, காண்டாக்டரில் தொடுமுனைகளாக அரிசி மணி, உளுந்து மணி அளவில் வெள்ளி ஒட்டியிருக்கும். கரண்ட் பாயும்போது பொறி தட்டிக் கருகாமல் இருக்க வெள்ளி போடுவார்கள். கொலுசுக்குப் பெயர் போன ஊரில் அந்த மணி யார் கண்ணிலிருந்து தப்பும்? தொடுமுனையைக் கிள்ளி எடுத்துவிட்டு ரிலே உடம்பைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பெரிய காண்டாக்டர்களின் தொடுமுனை பல சமயம் சுத்த வெள்ளி இல்லை, காட்மியம் ஆக்சைடு கலந்தது. அதை உருக்கினால் வரும் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சரித்திரத்துக்காக இல்லாவிட்டாலும் உடம்புக்காகவாவது அதை உலையில் போடாதீர்கள்.

சேர்க்கிறவர்களுக்கும் இப்படி எச்சரிக்கைகள் உண்டு. பழைய பிரேக் லைனிங்கிலும் கன்ட்ரோலரின் பொறித்தடுப்புப் பலகைகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, காற்றடித்துத் தூசி தட்டுவது இரண்டும் கூடாது. ஈரத் துணியால் ஒற்றி, பையில் போட்டுக் கட்டி, மேலே எழுதி வைத்துவிட வேண்டும். பழைய கப்பாசிட்டர் ஒழுகியிருந்தால் வெறும் கையால் தொடக் கூடாது.

சுத்தம் செய்வதில் நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன். முதலில் கிடைத்த பித்தளைப் பெயர்ப்பலகையைக் குத்துவிளக்கு தேய்ப்பது போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். தங்கமாக மின்னியது. மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்துக்குள் நிரப்பியிருந்த கறுப்பு மை பாதி போய்விட்டது. ஓரத்தில் யாரோ ஊசியால் கீறியிருந்த எண் ஒன்று அடையாளம் தெரியவில்லை. அந்த எண் என்னவாக இருந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். அப்புறம் பித்தளையில் புளி தொடுவதை விட்டேன். மெல்லிய துணி, ஒரு துளி சோப்பு கலந்த தண்ணீர், உடனே துடைத்துக் காயவைத்தல், மேலே மெழுகு ஒரு பூச்சு. அவ்வளவு போதும். பழுப்பு நிறம் அழுக்கல்ல, கை பட்ட வருடங்கள்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஏற்காட்டில் ஒரு நண்பர் வீட்டில் இடம் இருந்ததால் சில பெட்டிகளை அங்கே வைத்தேன். சுமார் 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் ஜன்னல் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வரும். ஒரே பருவத்தில் தண்டவாளத் துண்டு துருப் பூத்துவிட்டது. கீழே கொண்டுவந்தேன். சேலத்து வெயில் இரும்புக்கு ஒத்துக்கொண்டது, ஆனால் கேபினின் தேக்குப் பலகை வெடிக்க ஆரம்பித்தது. இப்போது இரும்பு ஓர் அறையிலும், மரம் வெயில் படாத உள்ளறையிலும் இருக்கின்றன. கவர்னரில் ஈய முத்திரை ஒன்று தொங்கும், சோதித்தவர் போடும் சீல். அதை மர அலமாரியில் வைக்கக் கூடாது. மரத்திலிருந்து வரும் புளிப்பு ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். தகர டப்பா, இல்லை என்றால் நல்ல பிளாஸ்டிக் டப்பா. பழைய ரப்பர் ஒயரை வெள்ளி, பித்தளைச் சாமானோடு சேர்த்து வைக்கக் கூடாது, ரப்பரின் கந்தகம் அவற்றைக் கறுக்க வைக்கும்.

வரைபடங்கள்தான் எல்லாவற்றிலும் மென்மையானவை. நீலத் தாளில் வெள்ளைக் கோடு இருந்தால் அது பழைய நீலப்பிரதி. வெளிச்சத்தில் வெளிறினாலும் இருட்டில் வைத்தால் ஓரளவு நிறம் திரும்பும். வெள்ளைத் தாளில் ஊதாக் கோடு இருந்தால் அம்மோனியா பிரிண்ட். அது வெளிறினால் வெளிறியதுதான், திரும்பாது. இரண்டையும் ஒரே உறையில் வைக்காமல் தனித்தனியாக வைக்க வேண்டும்.

காலம் கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகையே பெரிய உதவி. பாரம் பவுண்டில் இருந்தால் மெட்ரிக் அளவு 1960-களின் தொடக்கத்தில் கட்டாயமாவதற்கு முந்தினதாக இருக்கலாம். மின்சாரத்துக்கு 50 சைக்கிள் என்று போட்டிருந்தால் ஒரு காலம், ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் அதற்குப் பிந்திய காலம். முகவரியில் மெட்ராஸ் என்று இருந்தால் பெரும்பாலும் 1996-க்கு முன். ஆறு நபர் 408 கிலோ, எட்டு நபர் 544 கிலோ என்று எல்லா லிஃப்டிலும் பார்த்திருப்பீர்கள். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 68 கிலோ. அது பழைய 150 பவுண்டுக் கணக்கு. பவுண்டு போய் இத்தனை வருடம் ஆகியும் அந்த எண் நம்மோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

இதற்கெல்லாம் தனி அருங்காட்சியகம் வைத்தவரும் உண்டு. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் பேட்ரிக் கராஜட் என்ற லிஃப்ட் துறைக்காரர், தான் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை வைத்து 2011-இல் ஒன்றைத் திறந்தார். 2016-இல் அது மூடப்பட்டது. அவ்வளவு பெரிய ஊரிலேயே ஐந்து வருடம்தான் தாங்கியது என்றால், தனி ஆள் அலமாரியை நம்பி இருக்க முடியாது. பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பட்டறைகள் ஆளுக்கு ஒரு ரிலே பலகையை எடுத்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். பாதுகாப்பான குறைந்த மின்னழுத்தத்தில் ஓடவிட்டு, பட்டனை அழுத்தினால் எந்த ரிலே எதை எழுப்புகிறது என்று பிள்ளைகள் பார்க்கட்டும். முடிவெடுக்கிற இயந்திரம் ஒன்றைத் திறந்து வைத்துப் பாடம் நடத்த இதைவிட எளிய பொருளை நான் பார்த்ததில்லை.

கவர்னர் வாங்கிய அடுத்த வாரம், அதனுடைய கீழ்ச் சக்கரமாவது கிடைக்குமா என்று அதே கடைக்குப் போனேன். லோடு போய்விட்டது. மூலையில் ஒரு கன்ட்ரோலர் பெட்டியின் தகரக் கதவு மட்டும் சாத்தி வைத்திருந்தார்கள். அதே கட்டடத்துச் சாமானா என்று சொல்ல வழியில்லை. திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்கப் பென்சிலிலும் மார்க்கரிலும் வரிகள். ரோப் மாற்றியது, தேதி. பிரேக் லைனிங், தேதி. மூன்றாம் மாடி டோர் லாக், தேதி. மூன்று பேருடைய கையெழுத்து, ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர். ஓரங்களில் கிரீஸ் விரல் தடம். கடைசி வரி, கவர்னர் டெஸ்ட் சரி. கதவைத் துடைக்காமல் அப்படியே பழைய வேட்டியில் சுற்றி எடுத்து வந்தேன்.